கீழோர் வரிசை: தாவிகளின் பெயர்களும் கொல்லைப்புறத்தின் வரலாறும்

1

1758இல் வெளியான ஒரு நூலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. கார்ல் லின்னேயஸின் 'சிஸ்டமா நேச்சுரே', பத்தாம் பதிப்பு. விலங்குகளுக்கு அறிவியல் பெயர் சூட்டும் மரபு இன்றைக்கும் இந்த நூலிலிருந்துதான் தன் கணக்கைத் தொடங்குகிறது. தமக்குத் தெரிந்த வண்ணத்துப்பூச்சிகள் அத்தனையையும் 'பாப்பிலியோ' என்ற ஒரே பேரினத்துக்குள் போட்ட லின்னேயஸ், உள்ளே அவற்றைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்தார். முதலில் வருபவை 'எக்விட்டெஸ்', அதாவது குதிரைவீரர்கள், பிரபுக்கள். பெரிய சிறகு உடையவை. இவர்களிலும் இரண்டு தரப்பு உண்டு. நெஞ்சில் சிவப்பு இருந்தால் டிராய் நகரத்தார், இல்லாவிட்டால் கிரேக்கர். நம்மூர் வேலிகளில் பறக்கிற, சிவந்த உடம்பும் கரிய சிறகும் கொண்ட ஒரு பூச்சிக்கு ஹெக்டர் என்ற பெயர் வந்தது இந்த வழியில்தான். பிறகு ஹெலிக்கான் மலையைச் சேர்ந்தவை, டனாஸ் அரசனின் வழியினர், நிம்ஃப் என்னும் அணங்குகள் என்று வரிசை இறங்கிக்கொண்டே போகிறது. கீழே வந்தால் 'பிளெபெய்', ரோமாபுரியின் சாதாரண சனம். உருவத்தில் சிறியவை. இந்தக் கீழோரையும் அவர் விடவில்லை. நாட்டுப்புறத்தார் என்றும் நகரத்தில் குடியிருப்போர் என்றும் பிரித்தார். சிறகில் பெரும்பாலும் ஒளி ஊடுருவும் புள்ளிகளை உடைய 'நகரத்துக் கீழோர்' என்ற அந்தக் கடைசிப் பிரிவைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஆங்கிலத்தில் இவற்றை ஸ்கிப்பர் என்கிறார்கள். நேராகப் பறக்காமல் தத்தித் தாவிப் போவதால் வந்த பெயர். நாம் இங்கே தாவி என்றே வைத்துக்கொள்ளலாம்.

வண்ணத்துப்பூச்சியைப் பற்றி எழுத இதுவா நேரம் என்று தோழர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதே 1758ஆம் ஆண்டு நூலின் முன்பகுதியைப் புரட்டினால் அங்கே மனிதர்களும் இதேபோல் அடுக்கப்பட்டிருக்கிறார்கள். அமெரிக்கப் பூர்வகுடிகள் வழக்கத்தால் ஆளப்படுகிறவர்கள், ஐரோப்பியர் சட்டத்தால் ஆளப்படுகிறவர்கள், ஆசியர் அபிப்பிராயத்தால், ஆப்பிரிக்கர் மனம்போன போக்கால். மனிதனை இப்படி அடுக்கிய அதே கைதான் பூச்சியையும் அடுக்கியது. இயற்கை வரலாறு என்பது கண்ணுக்குத் தெரிவதற்குப் பெயரிடும் ஒரு சொல்லாடல் என்று 1966இல் ஃபூக்கோ எழுதினார். தெரிவது எது, தெரியாமல் போவது எது என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்ற கேள்வியை நாம் அதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் அடுக்கி, மக்களை உயர்திணை என்றும் மற்றதையெல்லாம் அஃறிணை என்றும் பிரித்த இலக்கணத்தைப் படித்து வளர்ந்த நமக்கு இந்தக் கேள்வி அந்நியமானதும் அல்ல.

2

தாவியை அடையாளம் காண்பது லேசான காரியமில்லை. அமெரிக்காவில் வீட்டுக்குப் பின்னால் பூச்செடி வளர்த்து, வந்து போகிற பூச்சிகளைக் குறித்து வைக்கிறவர்கள் எல்லோரும் கடைசியில் வந்து மாட்டிக்கொள்கிற இடம் இது. பெரிய, வால் வைத்த பூச்சிகளை ஒரு பருவத்தில் படித்துவிடலாம். தாவிகள் அப்படியல்ல. பழுப்பு, ஆரஞ்சு, மறுபடியும் பழுப்பு. விரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிசு. கண்ணில் பட்ட மறு நொடி காணாமல் போகும்.

குடும்பத்தைக் கண்டுபிடிப்பது மட்டும் சுலபம். அகன்ற தலை, ஒன்றுக்கொன்று தள்ளி முளைத்த உணர்கொம்புகள், கொம்பின் நுனி கொக்கியாக வளைந்திருக்கும். உடம்பு தடித்தது, சிறகு அதற்குச் சின்னது. புல் தின்னும் தாவிகள் உட்காரும்போது பின்சிறகைத் தட்டையாக விரித்து, முன்சிறகைப் பாதி தூக்கிப் பிடிக்கும். வேறு எந்த வண்ணத்துப்பூச்சியும் இப்படி உட்காருவதில்லை. அதற்கு மேல் போனால்தான் சிக்கல். ஆணின் முன்சிறகில் உள்ள கறுப்புக் கோடு, பின்சிறகின் அடிப்புறத்தில் உள்ள திட்டுகளின் வடிவம் என்று தேட வேண்டும். அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் மூன்று தாவிகளுக்கு 'மூன்று சூனியக்காரிகள்' என்றே பட்டப்பெயர். மூன்றும் கரும்பழுப்பு, மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவு. எது எது என்று தெரியாமல் திணறியவர்கள் வைத்த பெயர்.

கண்ணால் முடியாதபோது கத்தி வந்தது. இந்தியாவில் ராணுவப் பொறியாளராக இருந்து பிரிகேடியராக ஓய்வுபெற்ற டபிள்யூ.எச். இவான்ஸ், லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து உலகத்துத் தாவிகளையெல்லாம் கண்டம் கண்டமாகப் பட்டியலிட்டார். 1937இல் ஆப்பிரிக்கா, 1949இல் ஐரோப்பா, ஆசியா, ஆஸ்திரேலியா, 1951 முதல் 1955 வரை அமெரிக்கா. ஆண் பூச்சியின் வயிற்று நுனியை அறுத்து, இனப்பெருக்க உறுப்பின் வடிவத்தை வைத்து இனம் பிரிப்பது அவர் வழி. அது சரியான வழிதான். ஆனால் அதன்படி ஒரு தாவியை முழுக்கத் தெரிந்துகொள்வதற்கு அது செத்திருக்க வேண்டும்.

நூல்களில் இவற்றுக்கு இன்னொரு ஒதுக்கலும் நடந்தது. நீண்ட காலம் தாவிகளை 'மெய்யான வண்ணத்துப்பூச்சிகள்' பட்டியலில் சேர்க்கவில்லை. மெய்யானவை ஒரு பெருங்குடும்பம், தாவிகள் வேறு ஒன்று என்று வைத்தார்கள். 'வண்ணத்துப்பூச்சிகளும் தாவிகளும்' என்று தலைப்பு வைத்த கையேடுகள் எத்தனையோ உண்டு. அந்த 'உம்' என்ற இடைச்சொல்லுக்குள் இருக்கிற தள்ளிவைப்பை நாம் புரிந்துகொள்ள அதிக நேரம் பிடிக்காது.

3

இந்த வரலாற்றின் முக்கியமான அத்தியாயம் மாசசூசெட்ஸில் நடக்கிறது. தாடியஸ் வில்லியம் ஹாரிஸ் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் நூலகர். பயிருக்குக் கேடு செய்யும் பூச்சிகளைப் பற்றி மாநில அரசுக்காக 1841இல் ஓர் அறிக்கை எழுதினார். 1856இல் அவர் இறந்துபோனார். 1862இல் அந்த நூலின் விரிந்த பதிப்பு வந்தபோது, புதிதாகப் பெயரிடப்பட்ட சில தாவிகளும் அதில் இருந்தன. அவற்றுக்கு அவர் வைத்திருந்த பெயர்களைப் பாருங்கள்: சசாகஸ், மெட்டாகாமெட், வாம்சட்டா, ஹோபோமோக். அடுத்த ஓரிரு ஆண்டுகளுக்குள் சாமுவேல் ஸ்கட்டர் இந்த வரிசையில் மசாசோயிட்டையும் போகஹோன்டஸையும் சேர்த்தார்.

இவை யாருடைய பெயர்கள்?

சசாகஸ் பீக்குவாட் மக்களின் தலைவர். 1636 முதல் 1638 வரை ஆங்கிலக் குடியேறிகள் அந்த மக்கள்மீது நடத்திய போரில் தோற்றுத் தப்பியோடி 1637இல் கொல்லப்பட்டார். 1638இல் ஹார்ட்ஃபோர்டில் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். மிஞ்சியவர்களை மற்றக் குழுக்களுக்குப் பங்குபோட்டுக் கொடுப்பது. இனி அவர்கள் தங்களைப் பீக்குவாட் என்று சொல்லிக்கொள்ளவே கூடாது. ஆளை அழித்தது போதாது, பெயரையும் சட்டம் போட்டு அழிக்க வேண்டியிருந்தது. அவர்கள் பெயரில் இருந்த ஆற்றைத் தேம்ஸ் என்று மாற்றினார்கள். ஊர் நியூ லண்டன் ஆனது.

மசாசோயிட் வாம்ப்பனோவாக் மக்களின் தலைவர். 1620இல் பிளிமத்தில் கரையேறிய ஆங்கிலேயரோடு சமாதானம் செய்துகொண்டவர். ஹோபோமோக் அந்த மக்களில் ஒருவர், குடியேறிகளோடு தங்கி வழிகாட்டியாக இருந்தவர். அதே பெயரில் அவர்களுக்கு ஓர் ஆவியும் உண்டு. வாம்சட்டாவும் மெட்டாகாமெட்டும் மசாசோயிட்டின் பிள்ளைகள். 1660இல் பிளிமத் நீதிமன்றம் இந்த இருவருக்கும் வேறு பெயர் கொடுத்தது. மூத்தவர் அலெக்சாண்டர், இளையவர் பிலிப். இரண்டும் மாசிடோனிய அரசர்களின் பெயர்கள். 1662இல் வாம்சட்டாவை ஆயுதம் காட்டி விசாரணைக்கு இழுத்துப்போனார்கள். போன இடத்தில் நோய்ப்பட்டார், கொஞ்ச நாளில் செத்துப்போனார். விஷம் வைத்துவிட்டார்கள் என்றுதான் அவர் மக்கள் நம்பினார்கள். 1675இல் மெட்டாகாமெட் போரில் இறங்கினார். 1676 ஆகஸ்டில் கொல்லப்பட்டார். அவர் தலை பிளிமத்தில் கழியில் செருகி வைக்கப்பட்டு ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருந்தது. மகனை அடிமையாக விற்றார்கள்.

ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் கழித்து, அவர்கள் நிலத்தில் எழுந்த பல்கலைக்கழகத்தின் நூலகர் இந்தப் பெயர்களையெல்லாம் எடுத்துச் சின்னப் பழுப்புப் பூச்சிகளுக்குச் சூட்டுகிறார், அதுவும் 'கேடு செய்யும் பூச்சிகள்' என்ற நூலுக்குள். ஹாரிஸ் கெட்ட எண்ணத்தோடு செய்தார் என்று சொல்ல வரவில்லை. மரியாதையாக நினைத்தே செய்திருக்கலாம். ஹோமரின் வீரர்களைப் பூச்சிகளுக்கு வைத்த லின்னேயஸ் மரபில் அவர் தம் மண்ணின் வீரர்களைத் தேடியிருக்கலாம். கேள்வி அவர் மனசைப் பற்றியதல்ல. உயிரோடு இருந்தபோது கிரேக்கப் பெயர் கொடுத்து அழைக்கப்பட்ட ஒரு தலைவனின் சொந்தப் பெயர், அவன் இல்லாமல் போன பிறகு, யாரையும் பயமுறுத்தாத ஓர் அழகிய சொல்லாக மாறி, எடுத்துப் பயன்படுத்தத் தோதாகக் கிடக்கிறதே, அந்த நிலைமையைப் பற்றியது. நிலத்தைப் பிடுங்கிக்கொண்டவர்கள் பெயரை நினைவுச்சின்னமாக்குகிறார்கள். செத்தவன் பெயரால் தொல்லை இல்லை.

4

அந்தப் பெயர்களாவது நிலைத்தனவா?

அறிவியல் பெயரிடலில் ஒரு சட்டம் உண்டு. ஒரே இனத்துக்கு இரண்டு பெயர் இருந்தால் முந்தி வந்ததே செல்லும். வாம்சட்டா என்று 1862இல் பெயர் பெற்ற தாவிக்கு 1837லேயே வில்லியம் கிர்பி என்ற ஆங்கிலேயர் வேறு பெயர் வைத்திருந்தார். அது பெக் என்பவரை நினைவுகூரும் பெயர். வில்லியம் டான்ட்ரிட்ஜ் பெக், ஹார்வர்டில் இயற்கை வரலாற்றுப் பேராசிரியர். ஹாரிஸுக்கு இந்தத் துறையில் ஆர்வம் ஊட்டியவரே அவர்தான். ஆகவே சட்டப்படி பேராசிரியர் நின்றார், வாம்சட்டா போனார். வடகிழக்கு அமெரிக்காவில் வீட்டுப் புல்தரையில் மிகச் சாதாரணமாகக் காணக்கூடிய தாவிகளில் ஒன்று இந்தப் பெக்கின் தாவி. பின்சிறகின் அடியில் மஞ்சள் திட்டுகள் பெரிசாகத் தெரியும். முதலில் படிக்கத் தோதானது இதுதான் என்பார்கள். அதைப் பார்த்து மகிழ்கிறவர்கள் யாருக்கும் வாம்சட்டா என்ற பெயர் தெரிய வேண்டிய அவசியமில்லை. பழைய பட்டியல்களில் அது 'இணைப்பெயர்' என்ற குறிப்போடு கிடக்கிறது.

மெட்டாகாமெட்டும் கொஞ்சம் கீழே இறக்கப்பட்டார். அவர் பெயர் தாங்கிய தாவி, 1852இல் பெயரிடப்பட்ட இன்னொரு இனத்தின் வட்டார வடிவம் என்று ஆயிற்று. எனவே இப்போது அவர் பெயர் துணையினப் பெயராக, மூன்றாவது சொல்லாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேலே சொன்ன மூன்று சூனியக்காரிகளில் அதுவும் ஒன்று. திட்டோ புள்ளியோ அதிகம் இல்லாத வெறும் பழுப்பு. அதன் புழு தின்பது கோரை இனங்களை.

போகஹோன்டஸின் கதை இன்னும் கேட்கத்தக்கது. ஹோபோமோக் தாவியின் பெண்களில் இரண்டு வகை. ஒன்று ஆணைப்போல மஞ்சள். மற்றது கறுத்தது. கறுத்ததைத் தனி இனம் என்று எண்ணித்தான் ஸ்கட்டர் அதற்குப் போகஹோன்டஸ் என்று பெயரிட்டார். ஆங்கிலேயனை மணந்து, லண்டனுக்குக் கொண்டுபோய்க் காட்டப்பட்டு, 1617இல் ஊர் திரும்பும் வழியில் இங்கிலாந்திலேயே இறந்துபோன வர்ஜீனியாப் பூர்வகுடிப் பெண் அவர். நியூ இங்கிலாந்துக்கும் அவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கறுத்த பெண் என்றதும் அந்தப் பெயர்தான் வந்திருக்கிறது. பின்னால் அது தனி இனம் இல்லை, ஹோபோமோக்கின் பெண்தான் என்று தெரிந்தது. ஆனாலும் 'போகஹோன்டஸ் வடிவம்' என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை.

சசாகஸ் மட்டும் முழு இனப்பெயராகத் தப்பித்தார். அந்தத் தாவியின் வழக்குப் பெயர் என்ன தெரியுமா? 'இந்தியன் ஸ்கிப்பர்'. பீக்குவாட் என்ற சொல் அங்கேயும் இல்லை. அந்த மக்களில் ஒரு பகுதியினரை, மஷான்டக்கெட் பீக்குவாட்டுகளை, அமெரிக்க அரசு அதே பெயரில் அங்கீகரித்தது 1983இல். தடைசெய்யப்பட்ட பெயர் சட்டப் புத்தகத்துக்குள் திரும்பி வர 345 ஆண்டுகள் பிடித்தன.

5

தாவிகளை இன்று மக்கள் தேடுகிற இடம் வீட்டுக் கொல்லைப்புறம். ஆகவே அந்தக் கொல்லையின் வரலாற்றையும் கேட்டுவிட வேண்டும்.

1947இல் நியூயார்க்குக்கு அருகில் லாங் ஐலண்டில் லெவிட்டவுன் என்ற குடியிருப்பு எழுந்தது. ஒரே அச்சில் வார்த்த ஆயிரக்கணக்கான வீடுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு புல்தரை. அமெரிக்கப் புறநகர் வாழ்வின் மாதிரி என்று இதைச் சொல்வார்கள். அங்கே குடியேறியவர்களின் ஒப்பந்தங்களில் இரண்டு நிபந்தனைகள் இருந்தன. ஒன்று, ஏப்ரல் 15 முதல் நவம்பர் 15 வரை வாரம் ஒரு முறையாவது புல்லை வெட்டியாக வேண்டும். இன்னொன்று, வெள்ளையர் அல்லாதவர் அங்கே குடியிருக்கக் கூடாது. வீட்டு வேலைக்காரர்களாக மட்டும் இருக்கலாம். இப்படிப்பட்ட நிறத் தடைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்த முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1948இல் தீர்ப்புச் சொன்ன பிறகும் லெவிட்டவுன் வெகுகாலம் வெள்ளையாகவே இருந்தது. ஒரே உயரத்துக்கு வெட்டிய புல்லும் ஒரே நிறத்து மனிதர்களும் ஒரே கனவின் இரண்டு பக்கங்கள். சேரி ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கம் என்று திசை பார்த்துக் குடியமர்த்திய நாட்டில் இருந்துகொண்டு இதைப் படிக்கிற நமக்கு விளக்கம் தேவையில்லை.

இப்படி வெட்டப்பட்ட தரையில் புல் தின்னும் தாவி பிழைப்பது கஷ்டம். அதன் புழு இலையை மடித்துப் பட்டு நூலால் தைத்து உள்ளே குடியிருக்கும். வாரம் ஒரு முறை வெட்டினால் வீடும் போகும், புழுவும் போகும். எல்லாத் தாவிகளும் அப்படி அழிந்துவிடவும் இல்லை. அங்கே பெர்முடாப் புல் என்று அழைக்கப்படுவது நம் அறுகம்புல்தான். அதைத் தின்று வளர்கிற ஒரு நெருப்பு நிறத் தாவி கலிஃபோர்னியாவின் புல்தரைகளில் பெருகியது. உடனே அதைக் கேடு செய்யும் பூச்சி என்று பட்டியலில் சேர்த்தார்கள். கீழோர் பிழைத்துக்கொண்டால் அதற்கும் ஒரு பெயர் தயாராக இருக்கிறது.

வடகிழக்குப் பகுதியில் இன்று மிகுதியாகப் பறக்கிற தாவி எது என்றால், அது வெளியிலிருந்து வந்தது. ஐரோப்பியத் தாவி. 1910 வாக்கில் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்திலுள்ள லண்டன் நகரத்தில் முதலில் காணப்பட்டது. ஐரோப்பாவிலிருந்து வந்த தீவனப் புல்லில் முட்டையாக ஒட்டிக்கொண்டு பரவியது. அந்தப் பூச்சியின் மேல் நமக்குக் கோபம் எதுவும் இல்லை. சசாகஸின் தாவி தேடிப் பார்க்க வேண்டியதாக இருக்க, ஐரோப்பியத் தாவி கூட்டம் கூட்டமாகப் பறக்கிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம்.

1973இல் அமெரிக்காவின் தேசிய வனவிலங்குக் கூட்டமைப்பு 'கொல்லைப்புற வனவிலங்கு வாழிடம்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. உணவு, தண்ணீர், ஒளிய இடம், குட்டி வளர்க்க இடம் இவற்றைக் கொடுத்தால் உங்கள் கொல்லைக்குச் சான்றிதழ் கிடைக்கும், வாசலில் ஒரு பலகை வைக்கலாம். இன்றைக்கு இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்கள் அப்படிச் சான்று பெற்றிருக்கின்றன. மத்தியதர வர்க்கத்தின் மனச்சாந்திக்கு ஒரு பலகை என்று இதைத் தட்டிக் கழித்துவிடலாம்தான். அதில் உண்மையும் இருக்கிறது. சொந்தமாகக் கொல்லை உள்ளவனுக்குத்தானே இந்தச் சான்றிதழ். ஆனால் அங்கே புல்லை வளரவிட்டதற்காக அபராதம் கட்டியவர்கள் உண்டு, நீதிமன்றத்துக்கு இழுக்கப்பட்டவர்கள் உண்டு. வீட்டு உரிமையாளர் சங்கங்கள் இப்படிப்பட்ட தோட்டங்களைத் தடைசெய்வதைக் கட்டுப்படுத்தி மேரிலாந்து மாநிலம் சட்டம் கொண்டுவந்தது 2021இல்தான். ஒழுங்கு என்ற பெயரில் ஒரே உயரத்தைத் திணிக்கிற அதிகாரத்தோடு நடக்கிற சின்னச் சண்டை அது. சின்னதாக இருந்தாலும் சண்டை சண்டைதான்.

6

காலனியத்தின் பெயரிடல் நம் கரையையும் தொட்டது. டேனிஷ்காரர்களிடம் 1620 முதல் 1845 வரை இருந்த தரங்கம்பாடியிலிருந்து பூச்சிகள் பெட்டி பெட்டியாக ஐரோப்பாவுக்குப் போயின. லின்னேயஸின் மாணவர் ஃபாப்ரீசியஸ் அவற்றுக்குப் பெயர் வைத்தார். 1798இல் தரங்கம்பாடிப் பூச்சி ஒன்றை வைத்து அவர் பெயரிட்ட ஒரு தாவி, 'மத்தியாஸ்', நம் நெல்வயல்களில் இன்றும் பறக்கிறது. அதன் புழு நெல்லிலையை மடித்து உள்ளே இருக்கும். அந்த வயலில் இறங்கி வேலை செய்தவர்கள் அதற்கு என்ன பெயர் வைத்திருந்தார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

பின்னால் வந்த ஆங்கிலேயர்கள் இந்திய வண்ணத்துப்பூச்சிகளுக்கு வழக்குப் பெயர் வைத்தபோது ஒரு சாம்ராஜ்யத்தையே பறக்கவிட்டார்கள். ராஜா, நவாப், பாஷா, டியூக், பேரன், கவுண்ட், கமாண்டர், சார்ஜன்ட், கான்ஸ்டபிள் வரைக்கும் உண்டு. இந்தப் பதவிகளெல்லாம் பெரிய, அழகிய குடும்பங்களுக்கு. தாவிகளுக்கு வந்தவை பெரும்பாலும் உருவத்தையும் வேகத்தையும் கருவியையும் குறித்த பெயர்கள்: எறியம்பு, தட்டை, கோணல், விரைவு, குத்தூசி. புங்க மரத்தில் புழு வளர்கிற ஒரு தாவி ஆங்கிலத்தில் 'ஆல்'. செருப்புத் தைக்கிறவர் கையில் இருக்கிற ஊசி அது. நவாப்புக்கும் குத்தூசிக்கும் நடுவில் உள்ள தூரத்தை லின்னேயஸ் ஏற்கெனவே அளந்து வைத்திருந்தார்.

நம் பெயரும் அதில் உண்டு. தென்னிந்தியாவுக்கே உரியவை சிலவற்றுக்குத் 'தமிழ்' என்ற அடைமொழியை ஒட்டினார்கள். தாவிகளிலும் 'தமிழ்' என்று தொடங்குகிறவை இருக்கின்றன. 2019இல் தமிழக அரசு தன் மாநில வண்ணத்துப்பூச்சியாகத் தேர்ந்தெடுத்ததும் அப்படி ஒரு அடைமொழி உள்ளதைத்தான். அது தாவி அல்ல. ஆங்கிலத்தில் அது 'தமிழ் யோமன்'. யோமன் என்றால் சொந்த நிலத்தில் உழுகிற சிறு விவசாயி. தமிழில் அதைத் 'தமிழ் மறவன்' ஆக்கினோம். உழுகிறவனைப் படைவீரனாக மாற்றியபோது யாரும் கேள்வி கேட்கவில்லை. வெள்ளைக்காரன் வைத்த படிநிலையை மொழிபெயர்க்கும்போது நம் படிநிலை உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

7

இனி அடுக்கு எப்படிக் கலைந்தது என்று பார்க்கலாம்.

கடந்த இருபது ஆண்டுகளில் மரபணுவை வைத்து வண்ணத்துப்பூச்சிகளின் குலமரத்தைத் திரும்ப வரைந்தார்கள். கிடைத்த முடிவு இது. முதலில் தனியாகக் கிளை பிரிந்து போனவை வால்சிறகிகள், லின்னேயஸின் குதிரைவீரர்கள். மற்ற எல்லாக் குடும்பங்களும் அதற்குப் பிறகு பிரிந்தவை. தாவிகள் அந்த மற்றவற்றோடுதான் இருக்கின்றன. அதாவது வெள்ளைச் சிறகிகளுக்கும் அணங்குகளுக்கும் பிரபுக்களைவிடத் தாவிகள் நெருங்கிய உறவு. தாவிகளை வெளியே நிறுத்திவிட்டு 'மெய்யான வண்ணத்துப்பூச்சி' என்று ஒரு கூட்டத்தை வரையறுக்கவே முடியாது. மையம் என்று சொல்லப்பட்டது ஓரத்தில் இருக்கிறது. வெளியே நிறுத்தப்பட்டது வீட்டுக்குள் இருக்கிறது.

இன்னொரு செய்தி கோஸ்டா ரிக்காவின் குவானகாஸ்டெ காட்டிலிருந்து. நீலம் பளபளக்கும் ஒரு தாவியை 1775 முதல் ஒரே இனம் என்று எண்ணியிருந்தார்கள். 2004இல் வெளியான ஆய்வு அந்தக் காட்டில் மட்டும் அது பத்து இனங்கள் என்றது. மரபணுச் சோதனைதான் செய்தி ஆயிற்று. ஆனால் சோதனைக்கு முந்திய வேலை வேறு. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் காட்டில் புழு புழுவாகத் தேடி, எந்தச் செடியில் எந்தப் புழு என்று குறித்து, வளர்த்துப் பார்த்தவர்கள் அந்தப் பகுதி கிராமத்து ஆட்கள். பட்டம் வாங்காதவர்கள். சிறகைப் பார்த்தால் தெரியாத வேறுபாடு, என்ன தின்கிறது என்று பார்த்தவர்களுக்குத் தெரிந்தது. புழுவின் முகம் வேறு, அதன் செடி வேறு.

கொல்லைப்புறத்தில் தாவியை அடையாளம் காண்கிறவர்களுக்கு இதில் ஒரு வழி இருக்கிறது. அறுக்காமல் அறிவது எப்படி என்றால், கூட இருந்து அறிவதுதான். எந்தப் புல்லில் முட்டை வைக்கிறது, எந்த இலையை மடிக்கிறது, எந்த மாதத்தில் வருகிறது. அமெரிக்காவின் வெள்ளிப்புள்ளித் தாவியின் புழு தன் கழிவைத் தன் உடல் நீளத்தைப் போல் ஏறத்தாழ நாற்பது மடங்கு தூரம் எறியும். வாடை பிடித்து வரும் குளவியிடமிருந்து தப்புவதற்காக அப்படிச் செய்கிறது என்று 2003இல் மார்த்தா வைஸ் காட்டினார். பெட்டியில் குத்தி வைத்த பூச்சியிடம் இதைத் தெரிந்துகொள்ள முடியாது. அப்படியும் பெயர் தெரியாமல் போனால் 'ஏதோ ஒரு தாவி' என்று எழுதிவிட்டு விடலாம். அது குறை ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் பெயருக்குள் பிடித்துவிட வேண்டும் என்ற வெறிதானே இவ்வளவு தூரம் கொண்டுவந்து விட்டது.

பெயர் தெரிந்தவற்றைப் பொறுத்தவரை, பெயரோடு நின்றுவிடக் கூடாது என்பதற்கு ஓர் உதாரணம். அயோவா மாநிலத்தின் கிரினெல் ஊரில் கண்ட ஒரு குட்டித் தாவிக்கு 1870இல் ஹென்றி பார்க்கர் பவஷீக் என்று பெயரிட்டார். அது அந்த மாவட்டத்தின் பெயர். மாவட்டத்துக்கு அந்தப் பெயர் வந்தது மெஸ்குவாக்கி மக்களின் தலைவரிடமிருந்து. 1842 ஒப்பந்தத்தின் மூலம் அந்த மக்களிடமிருந்து அயோவாவில் மிஞ்சிய நிலமும் பறிக்கப்பட்டுக் கான்சாஸுக்கு விரட்டப்பட்டார்கள். உயரமான புல்வெளி உழப்பட்டு மக்காச்சோள வயலானது. அந்தப் புல்வெளியில் இன்று மிஞ்சியிருப்பது நூற்றில் நாலு பங்குக்கும் குறைவு. பவஷீக் தாவி 2014இல் அழியும் நிலையில் உள்ள இனம் என்று அமெரிக்க அரசின் பட்டியலில் ஏறியது. அயோவாவில் இப்போது அதைக் காண முடியாது. மிச்சிகனிலும் கனடாவின் மனிடோபாவிலும் சில துண்டு நிலங்களில் மட்டும் இருக்கிறது. விலங்குக் காட்சிச் சாலைகளில் வளர்த்துக் கொண்டுபோய் விடுகிறார்கள்.

மெஸ்குவாக்கிகள் என்ன ஆனார்கள்? விரட்டப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் திரும்பி வந்தார்கள். 1857இல் அயோவாவின் டாமா மாவட்டத்தில், தங்களிடமிருந்து பிடுங்கிய மண்ணிலேயே, 80 ஏக்கரைத் தாங்களே காசு கொடுத்து வாங்கினார்கள். டாமா, பவஷீக் மாவட்டத்துக்கு அடுத்த மாவட்டம். அதற்குப் பிறகும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிச் சேர்த்தார்கள். இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள். பவஷீக் என்ற பெயரைப் பூச்சிப் பட்டியலில் படிக்கிறவர்கள் அந்த 80 ஏக்கரையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.